கல்யாண மண்டபத்தில் முகம் ஏன் பச்சையாகிறது?

ஜவுளிக் கடையில் புடவை எடுப்பவர்கள், பிடித்த புடவையைக் கையோடு வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொல்வார்கள். மேட்சிங் சென்டரில் பிளவுஸ் துணி எடுக்கும்போதும் அதே கதைதான். உள்ளே டியூப்லைட்டுக்குக் கீழே புடவையோடு அச்சாகப் பொருந்திய துணி, வாசலுக்கு வந்ததும் வேறு நிறமாக நிற்கும். கடைக்காரருக்கும் இது தெரியும். "வெளியே கொண்டுபோய்ப் பாருங்கம்மா" என்று அவரே சொல்வார்.

கல்யாண போட்டோகிராபருக்கு அந்த வசதி கிடையாது. முகூர்த்த நேரத்தில் மணப்பெண்ணை வாசலுக்கு அழைத்துவந்து நிறம் பார்க்க முடியாது. மணவறையில் என்ன வெளிச்சம் இருக்கிறதோ அதில்தான் எடுத்தாக வேண்டும். அங்கே இருப்பதோ ஒரு வெளிச்சம் அல்ல. கூரையில் டியூப்லைட், அலங்காரக்காரர் நிறுத்திய கலர் எல்இடி பார் லைட், பின்னால் எல்இடி திரை, வீடியோகாரரின் பேனல், நடுவில் ஓமத் தீ, விடியும்போது ஜன்னல் வழியே நுழையும் வானத்தின் நீலம். இவை எல்லாம் சேர்ந்து ஒரே முகத்தில் விழுகின்றன. அப்புறம் ஆல்பம் வந்ததும், "பொண்ணு முகம் ஏன் இப்படிப் பச்சையடிச்சிருக்கு?" என்று யாராவது ஒரு அத்தை கேட்கத்தான் செய்வார்.

"எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்பது தொழிலில் எல்லோரும் சொல்லும் ஆறுதல். பாதி உண்மை. கலர் காஸ்ட் (படத்தில் ஏறும் வேண்டாத நிறச் சாயல்) என்று பொதுவாகச் சொல்லும் கோளாறு உண்மையில் மூன்று வெவ்வேறு கோளாறுகள். வெளிச்சத்துக்கு ஒரு சாயல் இருந்து, ஆனால் எல்லா நிறமும் அதில் கொஞ்சமாவது இருந்தால், அதை எடிட்டிங்கில் நிமிர்த்திவிடலாம். இரண்டு சாயல்கள் ஒரே முகத்தில் கலந்தால், எடுக்கும்போதே கவனித்திருக்க வேண்டும். பின்னால் ஒப்பேற்றலாம், அவ்வளவுதான். வெளிச்சத்தில் சில நிறங்களே இல்லையென்றால், எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கோளாறு எது என்று தெரியாமல் ஸ்லைடரை இழுத்துக்கொண்டிருப்பதில்தான் பாதி இரவு போகிறது.

கண்ணுக்குத் தெரியாதது படத்தில் தெரிவது எப்படி?

வெள்ளை வேட்டியைக் குண்டு பல்பின் கீழே பார்த்தாலும் மொட்டை வெயிலில் பார்த்தாலும் நமக்கு வெள்ளையாகத்தான் தெரிகிறது. ஆனால் குண்டு பல்பின் கீழே அந்த வேட்டியிலிருந்து வரும் ஒளியில் சிவப்பு அள்ளிக் கொட்டியிருக்கும், நீலம் கிள்ளிப் போட்டதுபோல்தான் இருக்கும். கண்ணில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருக்கின்றன. தனக்குரிய ஒளி ஏராளமாக வந்தால் அந்த வகைச் செல்கள் உணர்திறனைக் குறைத்துக்கொள்கின்றன. குறைவாக வந்தால் கூட்டிக்கொள்கின்றன. ஜெர்மன் உடலியலாளர் யோகான்னஸ் ஃபொன் கிரீஸ் 1902-இல் முன்வைத்த கருத்து இது. கேமராவில் ஒயிட் பேலன்ஸ் என்று நாம் அமைப்பதும் கணக்களவில் ஏறக்குறைய இதே வேலைதான்: சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களைத் தனித்தனி எண்ணால் பெருக்குவது.

மண்டபத்துக்குள் நிற்கும்போது கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடுவதால் பச்சையோ மஞ்சளோ உறைப்பதில்லை. அதே காட்சியை வீட்டில் உட்கார்ந்து போனில் பார்க்கும்போது கண் வேறொரு வெளிச்சத்துக்குப் பழகியிருக்கிறது. அங்கே மறைந்திருந்த சாயல் இங்கே வெளியே வந்துவிடும். அதனால் மண்டபத்தில் "வெளிச்சம் நல்லாத்தானே இருக்கு" என்று கண்ணை நம்பிச் சொல்வதில் பொருளில்லை.

ஒளியின் சாயலைக் கெல்வினில் சொல்கிறோம். குத்துவிளக்குச் சுடரும் மெழுகுவத்தியும் சுமார் 1,900, வீட்டுக் குண்டு பல்பு 2,700 முதல் 2,850 வரை, ஹாலஜன் 3,200, நடுப்பகல் வெயிலும் ஃப்ளாஷும் 5,500-ஐ ஒட்டி, மேகமூட்டம் 6,500, நல்ல வெயில் நாளில் நிழல் 7,500-க்கும் மேலே. எண் ஏற ஏற ஒளி நீலமாகிறது. இங்கேதான் புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவார்கள்: கேமராவில் கெல்வினை ஏற்றினால் படம் மஞ்சளாகிறதே? காரணம் எளிது. அந்த எண், "வெளிச்சம் இவ்வளவு நீலம்" என்று நாம் கேமராவுக்குத் தரும் தகவல். அதை நம்பி கேமரா அந்த நீலத்துக்கு எதிர்ப்பக்கம், அதாவது மஞ்சள் பக்கம், படத்தைத் தள்ளுகிறது.

இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொண்டால் நல்லது. கெல்வின் எண்ணும் கண்ணுக்குத் தெரியும் மாற்றமும் சம அளவில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்தால் வருவது மைரெட் என்ற அலகு. மாற்றத்தை அதில்தான் ஒப்பிட வேண்டும். 3,000-த்திலிருந்து 3,200-க்குப் போனால் 21 மைரெட் மாறுகிறது. 6,000-த்திலிருந்து 6,200-க்குப் போனால் 5 மைரெட்டை ஒட்டித்தான். அதாவது மஞ்சள் விளக்கின் கீழே 200 கெல்வின் பிசகுவது, பகல் வெளிச்சத்தில் 200 பிசகுவதைப்போல நான்கு மடங்கு. மண்டபத்துக்குள் கெல்வினை நிதானமாக, 50, 100 என்று நகர்த்துங்கள்.

பெருக்கல் கணக்கு

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். மஞ்சள் விளக்குகள் எரியும் மேடையில் சாம்பல் அட்டை ஒன்றைப் பிடித்து ரா கோப்பாக (சென்சார் அளந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுக்கிறோம் என்று வையுங்கள். அட்டை உள்ள இடத்தில் சிவப்பு 1,800, பச்சை 2,400, நீலம் 700 என்று எண்கள் வருகின்றன. சாம்பல் என்றால் மூன்றும் சமமாக இருக்க வேண்டும். பச்சையை அப்படியே வைத்துவிட்டு, சிவப்பை 1.33-ஆல் பெருக்கினால் 2,400, நீலத்தை 3.43-ஆல் பெருக்கினால் 2,400. முடிந்தது. அட்டை சாம்பலாகிவிட்டது, அதே விளக்கில் இருந்த முகமும் அதோடு நிமிர்ந்துவிடும்.

ஆனால் நீலத்தைப் பெருக்கும்போது அதில் இருந்த நாய்ஸும், அதாவது படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலும், 3.43 மடங்காகிறது. ஒன்றேமுக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) தூக்கியதற்குச் சமம். ஐஎஸ்ஓ என்ற உணர்திறன் அளவை 1600-இல் வைத்து எடுத்த படத்தின் நீலச் சேனல் மட்டும் 5,000-க்கு மேல் எடுத்ததுபோல் இருக்கும். மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் கறுப்புத் தலைமுடிக்குள்ளும் கோட்டுக்குள்ளும் நீலத் திட்டுகள் மிதப்பது இதனால்தான். சென்சார் வேறு ஒரு பாரபட்சம் காட்டுகிறது: கோடக்கில் வேலை செய்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, நான்கு பிக்சல்களில் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்றே ஒன்று நீலத்துக்கு. மஞ்சள் வெளிச்சம் வந்தால் ஏற்கெனவே ஏழையான சேனல்தான் மேலும் ஏழையாகிறது. ஆகவே எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்துப் பின்னால் தூக்கலாம் என்ற பழக்கத்தை மண்டபத்தில் கைவிடுவது நல்லது.

ரா கோப்பில் எடுக்கச் சொல்வதும் இந்தக் கணக்குக்காகத்தான். ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384. ஜேபெக்கில் கேமரா ஏற்கெனவே தன் இஷ்டப்படி ஒருமுறை பெருக்கி, உச்சியில் வழிந்ததை வெட்டி எறிந்துவிட்டது. அதன்மேல் மறுபடி பெருக்கினால் முகத்தில் படிப்படியாகக் கோடு விழும்.

வேட்டி வெள்ளை இல்லை

எடிட்டிங்கில் ஐடிராப்பரை (எது வெள்ளை என்று மென்பொருளுக்குக் காட்டும் கருவி) எடுத்து மாப்பிள்ளையின் வேட்டியில் ஒரு கிளிக் வைத்து, "ஒயிட் பேலன்ஸ் முடிஞ்சது" என்று சொல்பவர்கள் அதிகம். வேட்டி வெளுப்பாகத் தெரிவதற்காகவே நம் வீடுகளில் சொட்டு நீலம் போடுகிறோம். சோப்புத் தூளிலும் துணியிலும் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. பகல் வெளிச்சத்திலும் ஃப்ளாஷிலும் புற ஊதா உண்டு, எல்இடியில் அநேகமாக இல்லை. ஆகவே ஒரே வேட்டி ஒரு விளக்கில் கூடுதல் நீலம், இன்னொன்றில் குறைவு. நீலமான பொருளை "இதுதான் வெள்ளை" என்று காட்டினால் மென்பொருள் முழுப் படத்தையும் மஞ்சளாக்கித் தரும். பட்டு வேட்டியாக இருந்தால் நிலைமை தலைகீழ்: அது இளமஞ்சள், படம் நீலமாகும். வெள்ளைக் காகிதத்திலும் இதே வெளுப்பு ரசாயனம் இருப்பதால் அதுவும் நம்பகமில்லை.

அதற்குத்தான் சாம்பல் அட்டை. எல்லா அலைநீளத்தையும் ஒரே அளவில் திருப்பி அனுப்பும்படி தயாரித்தது. மணமக்கள் மணையில் உட்காருவதற்கு முன், ஐயர் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும் நேரம் போதும். அட்டையை மணப்பெண்ணின் முகம் வரப்போகும் உயரத்தில், முகம் திரும்பியிருக்கும் திசையில் பிடித்து ஒரு படம். அட்டை கூரையைப் பார்த்தபடி சாய்ந்திருந்தால் டியூப்லைட்டைத்தான் அளக்கும், முகத்தில் விழும் வெளிச்சத்தை அளக்காது. பலர் அட்டை வைத்தும் நிறம் கெடுவது இந்தச் சாய்வினால்தான்.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் மண்டபத்தில் ஏன் அலைபாய்கிறது என்பதற்கும் பதில் துணியில்தான் இருக்கிறது. படத்தில் உள்ள எல்லா நிறங்களையும் கலந்தால் சாம்பல் வர வேண்டும் என்பது ஆட்டோ கணக்குகளின் பழைய அடிப்படை. இப்போதைய கேமராக்கள் இன்னும் புத்திசாலித்தனமாகக் கணிக்கின்றன, இருந்தாலும் அந்த ஆதார ஊகம் முழுக்கப் போய்விடவில்லை. சிவப்புக் கூறைப்புடவை சட்டகம் முழுக்க நிறைந்தால் கேமரா, "வெளிச்சம் சிவப்பு போலிருக்கிறது" என்று எண்ணி எதிர்ப்பக்கம் தள்ளும். முகம் சாம்பல் பூத்துவிடும். அடுத்த படத்தில் மாப்பிள்ளையின் வேட்டியும் சட்டையும் சேர்ந்து வந்தால் மறுபடி மஞ்சள். ஒரே நிமிடத்தில் எடுத்த பத்துப் படங்கள் பத்து நிறம். என் கருத்தில், மண்டபத்தில் கெல்வினை ஏதோ ஒரு எண்ணில் நிறுத்திவைப்பது, அது தவறான எண்ணாகவே இருந்தாலும், ஆட்டோவைவிட மேல். எல்லாப் படமும் ஒரே அளவில் தவறாக இருந்தால் ஒன்றைத் திருத்தி மற்றவற்றுக்கு அப்படியே ஒட்டிவிடலாம்.

டியூப்லைட்டின் பச்சை

கெல்வின் என்பது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையிலான கோடு. சூடேறிய இழை, சூரியன், தீ எல்லாம் அந்தக் கோட்டை ஒட்டியே இருக்கும். டியூப்லைட் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவி மின்சாரத்தால் தூண்டப்பட்டு முக்கியமாக 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை வெளியிடுகிறது. குழாயின் உட்புறம் பூசிய பாஸ்பர் தூள் அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. பாதரசத்தின் சொந்த ஒளிக் கோடுகளும் பூச்சைத் தாண்டி வெளியே வருகின்றன. அவற்றில் 546 நானோமீட்டரில் இருக்கும் பச்சைக் கோடு ஆளை விடாது. அதுதான் முகத்தில் ஏறும் பச்சை.

கெல்வினை எவ்வளவு நகர்த்தினாலும் இந்தப் பச்சை போகாது. அதற்குத்தான் பச்சை–மெஜந்தா இடையே ஓடும் டின்ட் என்ற இரண்டாவது ஸ்லைடர். டியூப்லைட் படத்தில் முதலில் டின்டை மெஜந்தா பக்கம் நகர்த்துங்கள், பிறகு கெல்வினைத் தொடுங்கள்.

ஃபிலிம் காலத்தில் இதெல்லாம் கஷ்டம். பகல் வெளிச்ச ஃபிலிமை ஹாலஜன் விளக்கில் பயன்படுத்த 80ஏ என்ற நீல ஃபில்டர் போட வேண்டும், அது இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கிவிடும். டியூப்லைட்டுக்கு எஃப்எல்–டி என்ற மெஜந்தா சாயல் ஃபில்டர். ஃப்யூஜி நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த ரியாலா ஃபிலிமில் வழக்கமான மூன்று அடுக்குகளோடு நான்காவதாக ஒரு நிற அடுக்கைச் சேர்த்தது. டியூப்லைட்டின் பச்சை அதில் வெகுவாக அடங்கியது. நம் ஊர்க் கல்யாணங்களில் யாரும் இவ்வளவு யோசித்ததாகத் தெரியவில்லை. வீடியோகாரரின் ஹாலஜன் கண்ணைக் கூசவைக்க, பகல் வெளிச்ச ஃபிலிமில் எடுத்துத் தள்ளுவார்கள். கலர் லேபில் பிரின்ட் போடுகிறவர் ஒவ்வொரு ஃபிரேமையும் பார்த்து, மஞ்சளையும் மெஜந்தாவையும் கூட்டிக் குறைத்து முகத்தை முகமாக்கித் தருவார். அந்த ஆல்பங்கள் பார்க்கும்படி இருந்தால் பாதிப் பெருமை அவருக்கு உரியது. இப்போது அந்த வேலை முழுக்க போட்டோகிராபரின் தலையில் விழுந்துவிட்டது.

எல்இடி மறைத்து வைத்திருப்பது

வெள்ளை எல்இடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு நீல எல்இடிதான். சுமார் 450 நானோமீட்டரில் நீல ஒளி தரும் சில்லின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியிருக்கும். நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளை. அந்த நீல எல்இடியை உருவாக்கியதற்குத்தான் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இந்தியாவில் 2015-இல் மலிவு விலையில் எல்இடி பல்பு தரும் அரசின் உஜாலா திட்டம் தொடங்கிய பிறகு குண்டு பல்பு வீடுகளிலிருந்து மளமளவென்று மறைந்தது, மண்டபங்களும் மாறிவிட்டன. மின்கட்டணத்துக்கு நல்லது. நிறத்துக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை.

மலிவான எல்இடியில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். ஆழ்சிவப்பு மிகக் குறைவு. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், கெல்வின் மீட்டரும் சமர்த்தாக ஒரு எண் காட்டும், சாம்பல் அட்டையும் சரியாக வரும். ஆனால் குங்குமம் பழுப்படித்து, உதடு வெளிறி, கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு செத்துப்போயிருக்கும். மேட்சிங் சென்டர் துணியின் கதையும் இதுதான். இரண்டு சாயங்கள் ஒரு விளக்கில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், அந்த விளக்கில் இல்லாத அலைநீளங்களில் வேறுபட்டிருக்கலாம். வாசலுக்கு வந்து சூரிய ஒளி பட்டதும் வேறுபாடு தெரிந்துவிடும்.

ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று அளப்பதற்காக ஏற்பட்டதுதான் விளக்குப் பெட்டியில் போடும் சி.ஆர்.ஐ. எண். 100 என்றால் முழு மதிப்பெண். சாதாரண எல்இடி பல்புகள் 80-ஐ ஒட்டி இருக்கும். சிக்கல் என்னவென்றால், அந்தப் பொது எண் மங்கலான எட்டு நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு ஒன்பதாவது, ஆர்9 என்று பெயர், சராசரியில் சேராது. 80 எடுத்த விளக்கின் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கலாம். நம் கல்யாணத்தில் பாதி சிவப்பு: குங்குமம், கூறை, மருதாணி, தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தின் சாயல். எனவே பேனல் லைட் வாங்கும்போது சி.ஆர்.ஐ. 95-க்கு மேல் என்பதோடு நிற்காமல் ஆர்9 எவ்வளவு என்று கேளுங்கள். பெட்டியில் போடவில்லை என்றால் சந்தேகப்படலாம்.

இந்தக் குறையை ஓரளவுக்குச் சமாளிக்க 24 கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டை உதவும். 1976-இல் வந்த பழைய சாமான்தான். மேடை விளக்கில் அதை ஒரு படம் எடுத்து, அதிலிருந்து கேமராவுக்கு ஒரு புரொஃபைல் (நிறம் திருத்தும் கோப்பு) தயாரித்தால் சிவப்பு சிவப்பாகவும் ஆரஞ்சு ஆரஞ்சாகவும் பிரிந்து நிற்கும். வெறும் ஒயிட் பேலன்ஸ் செய்ய முடியாத வேலை அது. இருந்தாலும் சுத்தமாக வராத அலைநீளத்தை அதுவும் வரவழைக்காது.

கலந்த வெளிச்சம்

வெவ்வேறு விளக்குகள் கலந்து விழும் முகம்தான் நம் மண்டபங்களின் நிரந்தரத் தலைவலி. பிரம்ம முகூர்த்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலரை மணிக்குத் தொடங்கும்போது வெளியே கும்மிருட்டு. உள்ளே விளக்குகள் மட்டும். ஆறு மணியை நெருங்கும்போது ஜன்னல்கள் ஆழ்ந்த நீலமாகி, கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கின்றன. ஜன்னல் பக்கம் திரும்பிய கன்னம் நீலம், மேடை விளக்குப் பக்கத்துக் கன்னம் மஞ்சள். நாலரைக்கு எடுத்த சாம்பல் அட்டை ஆறுக்குச் செல்லாது. மறுபடி ஒன்று எடுங்கள், ஜன்னல் ஓரத்தில் தனியாக இன்னொன்று.

முதல் வேலை, எந்த விளக்கை அணைக்கலாம் என்று பார்ப்பது. இதைச் சொன்னால் சிலருக்குக் கூச்சம். மண்டப மேனேஜரிடம், "சார், மேடைக்கு மேல இருக்கிற இந்த வரிசையை மட்டும் அரை மணி நேரம் அணைக்க முடியுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஆள் அனுப்புவார். எல்இடி திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னால் மணமக்களின் தோள் ஓரத்திலும் கூந்தலிலும் படியும் நீலம் குறையும். வீடியோகாரரின் பேனலில் கெல்வினை மாற்றும் வசதி இருந்தால், இருவரும் பேசிவைத்து ஒரே எண்ணில் நிறுத்திவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

அணைக்க முடியாத விளக்கோடு ஒத்துப்போவதுதான் அடுத்த வழி. ஃப்ளாஷ் 5,500 கெல்வின், மேடை 3,200 என்றால் ஃப்ளாஷின் முன்னால் சிடிஓ என்ற ஆரஞ்சு ஜெல்லை (நிறமுள்ள ஒளிபுகும் தாள்) ஒட்டி அதையும் 3,200 ஆக்கிவிடலாம். ஒரு ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாக வெளிச்சம் போகும், பரவாயில்லை. இப்போது ஃப்ளாஷும் மேடையும் ஒரே குடும்பம்; கெல்வினை 3,200-இல் வைத்தால் முகம், பின்னணி எல்லாம் சரியாகும். டியூப்லைட் மண்டபத்தில் இதைவிட விசித்திரமான காரியம் செய்ய வேண்டும்: ஃப்ளாஷுக்குப் பச்சை ஜெல் போடுவது. ஏற்கெனவே பச்சையில் அவதிப்படும்போது இன்னும் பச்சையா என்று தோன்றும். ஆனால் எல்லாமே ஒரே பச்சையாகிவிட்டால் டின்ட் ஸ்லைடரின் ஒரே இழுப்பில் மொத்தமும் நிமிர்கிறது. ஜெல் இல்லாத ஃப்ளாஷில் முகத்தைச் சரிசெய்தால் பின்வரிசைச் சொந்தக்காரர்கள் அனைவரும் பச்சையாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஃப்ளாஷைக் கூரையில் அடித்துத் திருப்புபவர்கள் கூரையின் நிறத்தைப் பார்ப்பதேயில்லை. அலங்காரத்துக்கு ரோஸ் நிறத் துணி கட்டியிருந்தால் திரும்பி வருவது ரோஸ் வெளிச்சம். பச்சை டிஸ்டெம்பர் சுவரில் அடித்தால் பச்சை. வீட்டு வாசல் பந்தலில் பகல் கல்யாணம் என்றால் துணியைத் தாண்டி வரும் வெயிலே நிறம் மாறித்தான் வரும். அங்கே சாம்பல் அட்டை ஓரளவு காப்பாற்றும், ஏனென்றால் மொத்தப் பந்தலுக்கும் அதே சாயல்தான்.

ஓமத் தீயின் மஞ்சளை மட்டும் விட்டுவிடலாம். அது சூடாகத் தெரிந்தால்தான் ஓமம்.

விட்டுவிட்டு எரியும் விளக்கு

சில மண்டபங்களில் கெல்வினைப் பூட்டிவைத்தும் அடுத்தடுத்த படங்கள் நிறம் மாறி வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கி ஒளிர்கிறது. மங்கும்போது பாஸ்பர்கள் ஒரே வேகத்தில் அணைவதில்லை, அதனால் அந்தச் சுற்றுக்குள்ளேயே நிறமும் மாறுகிறது. ஷட்டர் 1/250 என்றால் சுற்றின் ஒரு துண்டு மட்டும் சிக்கும். எந்தத் துண்டு என்பது அதிர்ஷ்டம். 1/100 அல்லது 1/50 வைத்தால் முழுச் சுற்றும் உள்ளே வந்துவிடும். அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து 1/60, 1/120 என்று வைப்பவர்கள் கவனிக்க: அது அவர்களுடைய 60 ஹெர்ட்ஸுக்கு. கேனான் 2014-இல் 7டி மார்க் 2-வில் மினுக்கலைக் கண்டுபிடித்து உச்ச நொடியில் ஷட்டரைத் திறக்கும் வசதியைக் கொண்டுவந்தது. இப்போது பல கேமராக்களில் இருக்கிறது, ஆன் செய்துவையுங்கள். மலிவான டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்கும் சுற்று) உள்ள எல்இடியில் எலக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும், அப்போது மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுவதுதான் வழி.

காப்பாற்ற முடியாதவை

ரிசப்ஷன் மேடையில் நீலமும் ஊதாவுமாகச் சுழலும் பார் லைட்டுகள் கடைசி வகை. நீல எல்இடி மட்டும் முகத்தில் விழும் நொடியில் 12 பிட் கோப்பில் சிவப்பு 30, பச்சை 90, நீலம் 4,095 என்பதுபோல எண்கள் வரும். 4,095 என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் எவ்வளவு இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. முகத்தின் மேடு பள்ளம் எல்லாம் அந்த வரம்பில் மோதித் தட்டையாகிவிட்டன. 30-ஐ எத்தனை மடங்கு பெருக்கினாலும் கிடைப்பது நாய்ஸ்தான். சாதாரண ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) இது தெரியாது, சராசரி இருட்டாகவே இருக்கும். மூன்று சேனல்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொண்டு, நீலம் வலது ஓரத்தில் முட்டாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள்.

அதைவிட நல்லது, கலர் விளக்குகளைப் பின்னணித் துணிமேல் மட்டும் திருப்பச் சொல்லி, முகத்துக்கு உங்கள் வெள்ளை விளக்கைக் கொடுப்பது. மாலை மாற்றும்போது மட்டுமாவது வார்ம் ஒயிட்டில் நிறுத்தச் சொன்னால் அலங்காரக்காரர்கள் கேட்பார்கள். ஏற்கெனவே எடுத்துவிட்ட நீல முகங்களைக் கறுப்பு வெள்ளையாக்கலாம். ஆனால் மாற்றும்போது முட்டிப்போன சேனலைக் குறைத்து, பச்சைச் சேனலிலிருந்து முகத்தை எடுங்கள்.

திருத்தும்போது முகத்தைத்தான் கடைசி நீதிபதியாக வைக்க வேண்டும், முகத்தின் வெளுப்பை அல்ல. சரியான தோல் நிறத்தில் சிவப்பு எண் மேலே, பச்சை நடுவே, நீலம் கீழே இருக்கும். மாநிறமானாலும் கறுப்பானாலும் வரிசை இதுதான். வெளிநாட்டுப் பிரீசெட்டுகள் (ஆயத்தத் திருத்த அமைப்புகள்) பலவும் வெளுத்த தோலை மனத்தில் வைத்துச் செய்தவை, நம் முகங்களில் போட்டால் ஆரஞ்சு அப்பிவிடும். நலங்கு வைத்து மஞ்சள் பூசிய முகத்தை ஐடிராப்பர் கலர் காஸ்ட் என்று எண்ணித் துடைத்துவிடும் அபாயமும் உண்டு. கன்னத்தை விட்டுவிட்டு, மஞ்சள் படாத முன்கையைப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, திருத்தும் அறையில் தலைக்கு மேலே மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்தால் மறுபடி கண் அதற்குப் பழகி, படங்களை மஞ்சளாக்கிக்கொண்டே போவீர்கள். மானிட்டரை 6,500 கெல்வினில் அளவிட்டு வைத்து, அறையின் சுவரில் அடர் நிறம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் போனும் கணினியும் தானாக மஞ்சளாகும் நைட் மோடையும் அணையுங்கள். அச்சுப் பிரதியைச் சரிபார்ப்பதற்கான தர அளவு 5,000 கெல்வின், அதுவும் நல்ல சி.ஆர்.ஐ. உள்ள விளக்கில். ஆல்பம் அச்சுக்குப் போகும் முன், கூறைப்புடவை, வேட்டி, முகம் மூன்றும் இருக்கும் இரண்டு பக்கங்களை மட்டும் மாதிரி பிரின்ட் கேட்டு வாங்கி அந்த விளக்கில் பாருங்கள். மற்ற பக்கங்களின் நிறம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.